எச்சம் நடந்த காலை

காக்கை எச்சம் செடிக்கு நல்ல உரம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்பினோம். இலையில் விழுந்ததை யாரும் துடைக்கக் கூடாது. மழை வந்து கழுவி வேரில் சேர்க்கும். என் உம்மாவின் சட்டம் அது.

இன்று காலை மும்பை செம்பூர் வீட்டுப் பால்கனியில் என் மகள் ஈரத்துணியோடு நின்றாள். "உம்மா, கறிவேப்பிலை பூரா காக்கா எச்சம். பொச்சா போட்டுத் தொடச்சிரவா?"

"ஐயோ, தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. ஐம்பதை நெருங்குகிறவள் எச்சத்தைப் பார்த்து இப்படித் துள்ளலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

தாராவியில் வாப்பாவுக்குப் பழைய டிரம்களைக் கழுவி விற்கும் பட்டறை இருந்தது. சர்பத்துப் பாகு வந்த நீல டிரம்களில் விரிசல் விட்டவை விலைபோகா. பாதியாக அறுபட்டு, செடித் தொட்டியாக எங்கள் கூரைக்கு ஏறிவிடும். அதனால் முதல் மழைக்கு எங்கள் தோட்டம் மண்ணாக மணக்கவில்லை, ரோஜா சர்பத்தாக மணத்தது. அந்த வாசனைக்கே தேனீக்கள் வந்தன. துருப்பிடித்த தையல் மெஷின் கால்களில் அவரை படர்ந்தது. வாய் உடைந்த பானையில் குருவிகள் குளித்தன. இடித்த கட்டடத்திலிருந்து வாப்பா ஒரு கம்மோடையும் தூக்கி வந்து புதினா நட்டார். "அத பிரியாணில போட்டா நான் திங்க மாட்டேன்" என்று உம்மா சொல்லிவிட்டதால், அதில் செம்பருத்தி குடியேறியது. செம்பருத்தியைத் தேடித் தேன்சிட்டு வந்தது.

எங்களுக்கும் பக்கத்து வீட்டு மரியக்காவுக்கும் ஒரே சிமெண்டுக் கூரை, இரண்டு ஏணிகள். மரியக்கா விடியலில் இட்லி சுட்டு விற்பவர். சந்து முழுவதற்கும் அவர் அக்கா, எனக்கும்தான். கறிவேப்பிலைக் கன்றைத் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் அவர். அதற்கு இருப்பதிலேயே பெரிய டிரம்மைக் கொடுத்தது வாப்பா. இரு வீட்டுத் தாளிப்புக்கும் அந்த ஒரு செடிதான்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் செடி மொட்டையாகத் தொடங்கியது. இலைகள் போய் ஈர்க்குகள் மட்டும் நின்றன. உம்மாவின் பார்வை நேராக மரியக்காவின் சட்னி வாளியில் போய் விழுந்தது.

"யக்கா, வேணும்னா கேட்டுட்டுப் பறிக்கலாம்லா?"

"களவாணின்னு சொல்லுதியோ? மடியில வச்சுக் கொண்டாந்தவ நானு!"

"டிரம்மு எங்களுதுல்லா."

"அப்பம் டிரம்மத் தாளிச்சுக்க!"

அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் இட்லியும் நின்றது. உம்மா செய்த கோதுமை உப்புமாவை நானும் வாப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விழுங்கினோம். கூரையின் நடுவே மறைப்பு அடிக்க வாப்பா தகரத்தை வாங்கி வந்து சாய்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிப்பதாகப் பேச்சு. தகரம் எழுந்துவிட்டால் இரு வீடும் இனி ஒட்டாது என்று பத்து வயதில் எனக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை விடிய விடிய மழை. காலையில் தொட்டிகளில் தேங்கிய நீரை இறைக்க ஏறினேன். அவ்வளவு மழைக்கும் இலைமேலிருந்த எச்சம் கரையவில்லை. விரலால் தொட்டேன். அது தலையை நிமிர்த்தி, சிவப்பாக இரண்டு கொம்புகளை நீட்டியது. அழுகிய நாரத்தையின் நெடி குப்பென்று அடித்தது. பிறகு நிதானமாக ஈர்க்கின்மேல் நடக்கத் தொடங்கியது.

"உம்மா! எச்சம் நடக்குது!"

ஒரு ஏணியில் உம்மா ஏறினார். மறு ஏணியில் மாவுக் கையோடு மரியக்கா. மூவரும் குனிந்து பார்த்தோம். பக்கத்திலேயே அதன் அண்ணன்மார், சுண்டுவிரல் பருமனில் பச்சைப் புழுக்களாக, இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு, கரகரவென்று மென்றுகொண்டிருந்தார்கள். எச்சம் என்று துடைக்காமல் காத்து, திருடனுக்கு நாங்களே காவல் இருந்திருக்கிறோம்!

உம்மா நெடுநேரம் செடியையே பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"யக்கா, இட்லி இருக்கா?"

"இருக்கு. சட்னியில கறிவேப்பிலைதான் கெடையாது."

மூவரும் சிரித்த சிரிப்பில் குருவிகள் எழுந்து பறந்தன. தகரம் நாற்றுகளுக்கு நிழற்கூரை ஆயிற்று. புழுக்களுக்கென்றே இன்னொரு கன்று நட்டோம். முதல் வண்ணத்துப்பூச்சி கூட்டைக் கிழித்து, கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகு காய வைத்த காலையில் சந்தே எங்கள் கூரையில் நின்றது. ஏணி முறியாதது அதிசயம்.

இன்று அந்தக் கூரைமேல் இரண்டு மாடி எழுந்து, வெயில் விழ இடமில்லை. பட்டறை போயிற்று. வாப்பா போனார், அடுத்து உம்மாவும். துணியை மகளிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு, அதே சந்தில் இன்னும் இருக்கும் மரியக்காவுக்குப் போன் செய்தேன்.

"யக்கா, எச்சம் நடக்குது."

"ஏட்டி, தொடச்சிராத."

தோட்டத்துக்காரர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான்.