கீறல் விழாத பிள்ளைகள்

பிரேக் கட்டை தீய்ந்த வாடை மூக்கிலேயே நிற்க, தொப்பூர் இறக்கத்தில் உறுமிக்கொண்டு வரும் லாரிகளுக்கு எதிர்த்திசையில், வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூட இல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கறை இல்லாததுதான் என் கோபம். பதினொன்றாம் வகுப்புத் தொழிற்பிரிவில் இருந்த எங்களை வாரம் ஒருநாள் அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பித் தொழில் பழக்குவது என்று பள்ளிக்கூடமும் ஊர் முதலாளிகளும் பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் சக்திவேலுக்கும் வாய்த்தது, மலையடிவாரத்தில் இருந்த லத்தீப் பாயின் பிரேக் பட்டறை.

பாடம் எனக்கு ஏறவில்லை. அப்பா மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போய்ப் படுத்திருந்தார். அம்மாவின் காட்டு வேலையில் அடுப்பு எரிந்தது. பள்ளியை விட்டு வெளியே வருவதற்குள் கையில் ஒரு தொழில் ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை கிடையாது.

ஏற்பாடு தொடங்கிய அன்று பள்ளியில் கூட்டம் போட்டு முதலாளிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பள்ளிக்கூடப் படியேறிப் பழக்கமில்லாத பாய், மைக்கைப் பிடித்ததும் நெகிழ்ந்துபோய், "உங்க புள்ளைங்கள ஒரு கீறல் விழாம திருப்பி அனுப்பறது என் பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டார். நாங்களும் கைதட்டினோம்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். போகும்போதெல்லாம் நிழலில் இரண்டு நாற்காலி போட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று டீயும் பன்னும் வரவழைத்துவிடுவார். "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். இப்படி ஒரு வேலை கிடைத்தால் ஆயுசுக்கும் செய்வேன் என்பான் சக்திவேல்.

நான் கோபத்தோடு வீட்டுக்கு நடந்த அன்றைக்கு, கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தின் பக்கம் போய் நான் ஸ்பேனரை எடுத்தேன். பாய் ஓடிவந்து, பாம்பைப் பிடுங்குவதுபோல் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"வாத்தியாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் தம்பி. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எந்த மூஞ்சியோட அந்த வாசல மிதிப்பேன்? பாக்கறதும் படிப்புதாங்க."

நாற்காலியில் மறுபடி உட்கார எனக்கு மனம் வரவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் முடிவெடுத்துவிட்டேன். படிப்பை விடுகிறேன் என்றதும் அம்மா அழவில்லை. "வுட்டத வுட்டுட்ட, எடுக்கறதயாவது கெட்டியா எடு" என்றாள்.

அதற்குப் பிறகு நாக்பூர், விஜயவாடா, ஓசூர் என்று எத்தனையோ பட்டறைகளில் வேலைக்கு நின்றுவிட்டேன். ஓர் ஊரில் கால் தரிக்காத ஆள். போன மாதம் தொப்பூர் வழியாக வந்தபோது, பாயின் பட்டறை இருந்த இடத்தில் சாலை அகலமாகிக் கிடந்தது. பாயும் இல்லை, அந்த நாற்காலிகளும் இல்லை. சற்றுத் தள்ளி வேறொரு பட்டறையில், சீருடைக்கு மேல் காக்கி அங்கியும் கையுறையும் மாட்டிய பள்ளிப் பிள்ளைகள் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு அது சீருடையைக் கழற்றிய பிறகுதான் நடந்தது. படிப்பை விடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்ன மறுநாள் காலை அப்பாவின் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றேன். பள்ளிக்கூடம் இல்லையா என்றார் பாய். நின்றுவிட்டேன், வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். என்னை இழுத்துக்கொண்டுபோய் வாத்தியாரிடம் விடுவதாக அதட்டினார்.

"அப்ப பக்கத்துப் பட்டறைக்குப் போறேங்க பாய்."

அவர் பதில் சொல்வதற்குள் இறக்கத்திலிருந்து புகை கக்கிக்கொண்டு ஒரு லாரி உள்ளே திரும்பி நின்றது. பாய் அதையும் என் கைலியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னடா மரமாட்டம் நிக்கற? பின் சக்கரத்துக்குக் கட்டையப் போடு."

அதுவரை அவர் என்னை "டா" போட்டதில்லை. ஓடிப்போய் முட்டுக்கட்டையைத் தூக்கினேன். சிராய் ஒன்று உள்ளங்கையில் ஏறியது. பிடுங்க நேரமில்லை. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளி, காலால் இறுக்கி உதைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனேன்.