அக்கா மாற்றிச் சொன்ன என் முதல் பேச்சு

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் எழுதட்டும் என்றுதான் நான் சொன்னேன். அக்காவின் கணவரான மாமா கேட்கவில்லை. "ஒன்ன பேச வெச்சவ அவ. நீயே எழுது" என்று முடித்துவிட்டார். என் வலது கை இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. ஆகவே உறவினர்களும் நண்பர்களும் குறைகளைப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கு எட்டு வயது மூத்தவர் அக்கா. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அக்கா அதற்கு முன்பே இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர்தான் எங்கள் மாமா. பஸ்ஸில் ஏறியவள் இறங்கவே இல்லை என்று நம் உறவில் எல்லோரும் கேலி செய்வீர்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். மீஞ்சூரில் குடித்தனம் வைத்தார்கள். வருடங்கள் போகப்போக அக்கா முப்பது பெண்கள் வேலை செய்யும் ஒரு லைனுக்கு லீடர் ஆனார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நான் வேறொரு கம்பெனியில் பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் இருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. காலை டீ இடைவேளையில் கிளாஸ் கையிலிருந்து நழுவியது. அப்படியே சரிந்துவிட்டேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதாம். நாஷ்டா சாப்பிடாமல் வந்திருப்பான், பித்தம் ஏறியிருக்கும் என்று சிலர் சோடா வாங்க ஓடினார்கள். நல்ல வேளையாக உடன் வேலை செய்யும் ஒருவர் அக்காவுக்குப் போன் போட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அவருடைய கம்பெனி. தலையில் மாட்டியிருந்த துணித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றவர், என்னைப் பார்த்து அழவில்லை.

"எத்தன மணிக்கு வுழுந்தான்?" என்று கேட்டாராம்.

"இப்பதான்க்கா. கொஞ்ச நேரம் முன்னாடி."

"கொஞ்ச நேரம்னா? மணி சொல்லு."

டீ பெல் அடித்து, கிளாஸை எடுத்து, ஒரு வாய் குடித்தபோது என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். ஒன்பது நாற்பத்தைந்து. அக்கா அதைப் பேனாவால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். தம்பி விழுந்து கிடக்கும்போது இந்த அம்மாவுக்கு மணி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அங்கிருந்தவர்கள் நினைத்ததைப் பின்னால் என்னிடமே சொன்னார்கள். அக்காவின் லைனில் மெஷின் நின்றால் முதல் வேலை நின்ற நிமிடத்தை எழுதுவது. ஏன் நின்றது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தனை வருடப் பழக்கம் அது.

ஆம்புலன்ஸில் சென்னை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு இப்படி ஆனது என்பதுதான். மூளையில் இரத்தம் அடைத்திருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள்தான் போட முடியும். நேரம் தெரியாவிட்டால் போடவே முடியாது என்று அவர் சொன்னபோது, அக்கா கையை விரித்துக் காட்டினார். வியர்வையில் எழுத்து கலங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அந்த உள்ளங்கையைப் பார்த்துத்தான் எனக்கு ஊசி போட்டார்கள். நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அக்காவின் அந்த ஒரு கேள்வி.

உயிர் பிழைத்தேன். ஆனால் வலது கையும் காலும் துவண்டு போயின, பேச்சு போய்விட்டது. பிறர் சொல்வது புரியும். நான் சொல்ல நினைப்பதும் தலைக்குள் தெளிவாக இருக்கும். வாயைத் திறந்தால் "அது" என்ற ஒரே சொல்தான் வரும். தண்ணீரும் அது, வலியும் அது. என் மனைவிக்கு அது எட்டாம் மாதம், பொதட்டூர்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். பிரசவம் ஆன பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். அதையும் நான் "அது" என்றுதான் சொன்னேன்.

வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. முதலில் ஒற்றைச் சொற்கள் திரும்பும், பிறகு அவை ஒன்றோடொன்று சேர வேண்டும், சேர்ந்தால்தான் பேச்சு என்று பயிற்சி கொடுத்த அம்மையார் சொன்னார். மற்ற ஆறு நாளும் அக்காதான். அவர் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, தினமும் காலையில் மீஞ்சூரிலிருந்து ரயிலேறி ஏழரைக்கெல்லாம் கும்மிடிப்பூண்டியில் நானும் அம்மாவும் இருந்த வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்துவிடுவார். ஒரு மணிக்கு எழுந்து, தெருமுனையில் வரும் மாமாவின் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போவார்.

அவர் எனக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த விதம் அவருடைய லைனில் கற்றது. ஒயரைச் சொருகினால் டக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். அதோடு விட்டுவிடாமல் லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் அது மாட்டவே இல்லை. நான் முக்கி முனகித் "தண்ணி" என்று சொல்லிவிட்டால் அக்கா மெச்சமாட்டார். எழுந்து போய் வீட்டைப் பெருக்குவார். பத்து நிமிடம் கழித்து வந்து டம்ளரைக் காட்டி, "இது இன்னா?" என்பார். பெரும்பாலும் சொல் நழுவிப் போயிருக்கும். "அது" என்பேன். "சரி, மாட்டல. திரும்ப" என்று உட்காருவார். அவர் முகத்தில் சலிப்பு என்ற ஒன்றை நான் பார்க்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் ஆகும். அடுத்த வாரம் அடுத்த சொல். மனிதப் பிறவிக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மா நேர்மாறு. நான் கண்ணைத் திருப்பினாலே தட்டு வந்துவிடும், துண்டு வந்துவிடும்.

"நீ குடுத்துக்கினே இருந்தா அவன் எதுக்கும்மா வாயத் தொறந்து கேக்கப்போறான்?" என்று அக்கா தடுப்பார்.

"புள்ளைக்கு வாய் வலிக்குதுடி."

"வலிக்கட்டும்."

அம்மா பக்கத்து வீட்டில் போய், ராட்சசியைப் பெற்றிருக்கிறேன் என்று அழுதார். மறைப்பானேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நாட்களில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆறாம் மாதம் ஒரு காலை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அதற்குள் இருபது, இருபத்தைந்து சொற்கள் எனக்குத் திரும்பியிருந்தன. ஆனால் இரண்டு சொற்கள் சேரவே இல்லை. அக்கா காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு, "காப்பி குடு, சொல்லு" என்றார். காப்பி என்று வந்தது. குடு என்று வந்தது. சேர்த்துச் சொல்லப் போனால் இரண்டும் ஓடிவிட்டன. காப்பி ஆறி ஆடை படிந்தது. எடுத்துப் போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார். மறுபடி ஆறியது. என் வாயோரம் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "தோ, கிட்ட வந்துட்ச்சி. சொல்லு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டேன். காப்பி அவர் புடவை முழுதும் கொட்டியது. என் வாய் தானாகத் திறந்தது.

"நீ செத்துப் பூடு" என்றேன்.

ஒரு தடங்கல் இல்லை. மூன்று சொற்களும் வரிசையாக, தெளிவாக வந்தன. அக்கா அசையாமல் என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. பிறகு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லு" என்றார். நான் தலையை ஆட்டி மறுத்து அழுதேன். அவர் விடவில்லை. "சொல்லுடா, சொல்லு" என்று கெஞ்சினார். கடைசியில் வாசலுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "எந்தம்பி பேசிட்டான். என்னப் பாத்து, அக்கா நீ சாப்டியான்னு கேட்டான்" என்றார்.

இத்தனை நாள் நீங்கள் கேட்ட கதை எப்படிப் பிறந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்று மாலைக்குள் மீஞ்சூர், மறுநாள் பொதட்டூர்பேட்டை என்று செய்தி போய்விட்டது. மறுத்துச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. வார்த்தை வந்தபோது கதை எல்லோர் வீட்டிலும் குடியேறிவிட்டது. கல்யாணங்களில், காது குத்துகளில் அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். நீங்கள் என் முதுகில் தட்டி, இப்படி ஒரு தம்பி கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பீர்கள். நான் தலை குனிந்து நிற்பேன். அதை அடக்கம் என்று நினைத்தீர்கள்.

அந்தக் காலைக்குப் பிறகு சொற்கள் சேரத் தொடங்கின. ஒன்றரை வருடத்தில் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குத் திரும்பினேன். பயிற்சி முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று அக்கா கோயிலுக்குப் போகவில்லை, விருந்து வைக்கவில்லை. மறுநாளே பழைய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு அவருக்கே வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. எட்டு மாதம் படுக்கையும் ஆஸ்பத்திரியுமாகப் போனது. கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், மாமா மருந்து வாங்கப் போயிருந்த நேரம், நான் அவர் அருகில் இருந்தேன். இனி தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"யக்கா, அன்னிக்கு நான் சொன்னேனே..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த இன்னும் நென்ச்சிக்கினு இருக்கியா?" என்றார். குரல் மெலிந்திருந்தாலும் அதட்டல் போகவில்லை. "ஆறு மாசம்டா. தெனம் ஒன்ட்ட இருந்து கெளம்பி பஸ்ல ஒக்காந்தா அழுகதான். மாமா கண்ணாடில பாத்துக்கினே ஓட்டுவாரு. ஒண்ணும் கேக்கமாட்டாரு. இவன் இனிமே பேசவே மாட்டான்னு எனக்கே நம்பிக்க வுட்டுப்போச்சி. நீ என்ன திட்டுன பாரு, அப்பதான் எந்தம்பி உள்ள பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்ன? எனக்கு அசிங்கமாயிடும்னா?"

அக்கா இல்லை என்று தலையசைத்தார். "அது என்னுது. அத்த எதுக்கு ஊருக்குக் குடுக்கணும்?"

அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் கேட்காமலே எழுந்தேன். நான்காம் நாள் காலை அக்கா போய்விட்டார்.

அவருடைய கடைசி நாட்களில் முறை வைத்துக்கொண்டு வந்து பார்த்துக்கொண்ட அவருடைய லைன் பெண்கள், இரத்தம் கொடுத்த பஸ் டிரைவர்கள், சமைக்க நேரமில்லாத எங்களுக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த மீஞ்சூர் தெருக்காரர்கள், அவரை வலியில்லாமல் வைத்திருக்கப் பாடுபட்ட டாக்டர்கள், நர்சுகள், இறுதி ஊர்வலத்திலும் இன்றைய நினைவு நாளிலும் உடன் நிற்கும் உங்கள் அனைவருக்கும் மாமாவின் சார்பிலும் அம்மாவின் சார்பிலும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அக்காவுக்குப் போன் போட்ட நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி.

தனக்கென்று எதையும் எடுத்து வைத்துக்கொண்டு அறியாதவர் அக்கா. நான் அன்று சொன்ன அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதை இன்று அவரைக் கேட்காமலே ஊருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியாமலே நீங்கள் எல்லோரும் அவரை நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.