எட்டுக் கட்டமும் ஒரு வளையலும்

"மில்லு சத்தத்துல நாங்க கத்தறதே கேக்கல. நீ எய்தறது மட்டும் கேக்கப் போவுதா?" என்றார் மெஷின் டிரைவர், உத்திரமேரூர் ரைஸ் மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவது பாஸ். பொங்கல் வரைக்கும் பார்ப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். சரிப்படாவிட்டால் மறுபடி நாற்று நடப் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, "எம் பொண்ணு மில்லுல எய்துது" என்று அப்பா ஒரு டீக்கடை விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

நெல் மூட்டைகளை வாசலில் வரிசைப்படுத்துவது நான், உள்ளே அரைப்பது டிரைவர். அடுத்தது யாருடையது என்று கேட்க அவர் வெளியே வருவார், அல்லது சொல்ல நான் உள்ளே ஓடுவேன். ஓடி அலுத்துப்போய், நடுச்சுவரில் கரியும் கோவை இலையும் தேய்த்துக் கறுப்பாக்கி எட்டுக் கட்டம் போட்டேன். கட்டத்துக்கு ஓர் ஆணி. நான் அடுத்து எழுதவேண்டிய கட்டத்தில் என் சிவப்பு வளையல் தொங்கும். அவர் அடுத்துப் படிக்கவேண்டிய கட்டத்தில் அவருடைய இரும்பு வாஷர். நெல்லுக்காரர் பெயரை எழுதியதும் வளையலை ஓர் ஆணி தள்ளுவேன். படித்ததும் அவர் வாஷரைத் தள்ளுவார். எட்டு முடிந்தால் மறுபடி ஒன்று. பழைய எழுத்தை அவர் அழிக்கக் கூடாது. அந்த எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சாக்பீஸ் பிடிக்காது. வளையலும் வாஷரும் ஒரே ஆணியில் இருந்தால் வேலை இல்லை என்று அர்த்தம்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கூட்டம் நெரித்தது. அவர் ஒருவருடைய நெல்லை அரைப்பதற்குள் நான் எட்டுக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். வளையல் முழுச் சுற்றுச் சுற்றி வாஷர் இருந்த ஆணிக்கே வந்து சேர்ந்தது. டிரைவர் பார்த்தார். வேலை இல்லை! பெல்ட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எட்டுப் பேரும் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"படிச்ச பொண்ண வெச்சா பேஜாருதான். நாளைக்கு ஒரு நாளு பாப்பேன், அவ்ளோதான்" என்றார் முதலாளி என்னிடம்.

சில வருடம் கழித்துக் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில், ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் ஒரு பொது நினைவகத்தின் வழியாகச் சேதி கொடுத்துக்கொள்வதை ஆசிரியர் வரைந்து காட்டினார். வட்டமாகப் பெட்டிகள், இரண்டு அம்புக்குறிகள். "எல்லாம் காலி என்றாலும் அம்புகள் ஒரே இடத்தில், எல்லாம் நிரம்பினாலும் ஒரே இடத்தில். எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். கை தூக்கியது நான் மட்டும்தான். ஒரு பெட்டியை எப்போதும் காலியாக விட்டுவிட வேண்டும். மில்லில் திட்டு வாங்கிய அன்று ராத்திரியெல்லாம் யோசித்து நான் கண்டதும் அதுதான்.

மறுநாள் மில்லில் ஏழு பெயர் எழுதியதும் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"இன்னாம்மே, ஒரு கட்டம் சும்மாதான கீது?" என்றாள் களியாம்பூண்டிக்காரி ஒருத்தி.

"சும்மா கீறதுதான் அதுக்கு வேல."

அப்போது பார்த்து முதலாளியின் மச்சான் நாலு மூட்டையோடு வண்டியில் வந்து இறங்கினார்.

"எய்து" என்றார் முதலாளி.

"டிரைவரு ஒண்ணு படிக்கட்டும், அப்பறம் எய்தறேன்."

"எட்டு போட்டுட்டு ஏழுல எய்துவாளாம்!" அவரே சாக்பீஸை எடுத்து மச்சான் பெயரை எழுதினார். முறை தவறாமல் வளையலையும் ஓர் ஆணி தள்ளி வைத்தார். நான் தடுத்திருக்கலாம்.

டிரைவர் வந்தார், பார்த்தார், பெல்ட்டைக் கழற்றினார், டீக்கடைக்கு நடந்தார்.

"இன்னா மாமா, மெஷினு நின்னுபோச்சு?" என்றார் மச்சான்.

முதலாளி சுவரைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத நான் எய்தல மொதலாளி" என்றேன்.

டிரைவரைக் கூட்டிவர அவரே டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "பொங்கல் கய்ச்சி, மாவு மெஷினுக்கும் இந்த மாரி ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

மாவு மெஷின் சுவரில் அன்று காலையிலேயே கரி தேய்த்து ஒன்பது ஆணி அடித்திருந்தேன்.