மீன் அடுப்புக்கு வைத்த ப்ளோயர்

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் எங்கள் மாடி போர்ஷனுக்குக் குடிவந்தவர்கள் சுத்த சைவம். நானோ கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். மீன் இல்லாத சோறு எனக்குக் காய்ச்சல் வந்தால்தான். சிட்லபாக்கத்தில் வீடு கட்டி வந்த புதிதில், தெருவில் எல்லோரும் வாக்கிங் போகும்போது தலையை ஆட்டுவார்களே தவிர நின்று பேச மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பேச ஆளில்லாமல் நான் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தேன். அது விசில் அடித்துப் பதில் சொல்லும்.

மாடிக்கு வந்த பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் சமையலறை ஜன்னல் எங்கள் கொல்லைப்புறத்துக்கு நேர் மேலே. நான் கீழே பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் போதும், கம்பியில் முகத்தை வைத்து "அக்கா" என்பாள். அப்புறம் அவள் மாமியார், என் நாத்தனார், சீரியலில் வரும் மருமகள் என்று ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் சீக்கிரம் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரே ஒரு சங்கடம். நான் மீன் வறுக்கும்போது அந்த ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொள்ளும். படாரென்று சாத்தியிருந்தால் நானும் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இவள் சத்தமே வராமல், மரியாதையாகச் சாத்துவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இவங்க காலி பண்ணிட்டா நான் யார்கிட்டங்க பேசறது?" என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். மீனை விட முடியாது. அவளையும் விட முடியாது.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். அவர் அப்படிச் சொன்னால் வீட்டில் ஏதோ ஒன்று உடையப்போகிறது என்று அர்த்தம்.

முதல் யோசனை, அடுப்பை வெளியே கொண்டுபோவது. கொல்லையில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மேடை கட்டினார். மழைக்கும் தென்னை மட்டைக்கும் பயந்து, வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை ஷீட் போட்டார். மழைத்தண்ணீர் வெளியே வழிய வேண்டுமே என்று ஷீட்டைக் காம்பவுண்டுப் பக்கம் சரித்துவிட்டார். தண்ணீர் பள்ளத்துக்குப் போகும், புகை மேட்டுக்குத்தானே போகும்? எங்கள் ஷீட்டின் மேடு அவள் ஜன்னலுக்கு அடியில் இருந்தது. வீட்டுக்குள் சமைத்தபோது பாதிப் புகையாவது எங்களோடு இருந்தது. இப்போது வஞ்சனையில்லாமல் முழுவதையும் அவளுக்கே அனுப்பினோம்.

அடுத்து ஒரு பைப்பை வளைத்து, பின்னாலிருந்த காலி மனை பக்கம் நீட்டினார். புகை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபோர்ஸ் பத்தலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனவர், ஆட்டோவில் ஒரு ப்ளோயரோடு வந்து இறங்கினார். ஏதோ ஒரு ஃபாக்டரி ஷெட்டையே காற்றாட வைத்த ராட்சச விசிறி. காம்பவுண்டுச் சுவரை உடைத்துப் பதித்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி சுவிட்சைப் போட்டார். மீனம்பாக்கத்தில் ஏற வேண்டிய விமானம் எங்கள் கொல்லையிலிருந்து ஏறியது. காக்கைகள் பறந்தன. என் முந்தானை சுவரைப் பார்த்து இழுத்தது. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், புகை இருந்த இடம் தெரியாமல் போனது. மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தினமும் ஓட்டு. சாம்பார் வச்சாலும் ஓட்டு. இல்லன்னா பேரிங் இறுகிடும்" என்று உத்தரவு வேறு.

நானும் தினமும், அடுப்பு மூட்டியதிலிருந்து பாத்திரம் தேய்த்து முடிக்கிற வரை ஓட்டினேன். புகையில்லை, வாடையில்லை. ஆனால் மாடியிலிருந்து "அக்கா"வும் இல்லை. ஷீட்டுக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், வெறும் ரசம் வைக்கிற நாளில்கூட ஜன்னல் சாத்தியே இருந்தது. மாடிப்படியில் எதிரே வந்தால் உதட்டால் மட்டும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நம்மைக் கண்டாலே குமட்டுகிறது போல என்று எண்ணினேன். நேரில் கேட்கலாம்தான். வீட்டுக்காரி போய்க் கேட்டால், குடியிருக்கிற பெண் வாய் திறந்து உண்மையைச் சொல்வாளா? வாரத்தில் பாதி நாள் மீனை நிறுத்தினேன். கொல்லையை பினாயில் ஊற்றிக் கழுவினேன். சாம்பிராணிகூடப் போட்டேன். ஜன்னல் அசையவில்லை.

ஒரு நாள் காலை, ப்ளோயரை ஓடவிட்டுக் குழம்புக்குக் கூட்டிக்கொண்டிருந்தபோது மீன்காரம்மா வந்துவிட்டாள். வாசலில் கூடையை இறக்கியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னாம்மே, உன் மாடில கீற பொண்ணு வேற வூடு தேடிகினு கீதாமே? பின்னாடி தெருவுல கேட்டுகினு இருந்துச்சு."

கையில் எடுத்த சங்கராவைக் கூடையிலேயே போட்டுவிட்டு மாடி ஏறினேன். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும்.

"மீன் வாடை பிடிக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீடு பாக்கற அளவுக்குப் போயிட்டியா?"

அவள் விழித்தாள். "வாடையா? அது வந்தா கொஞ்ச நேரம் சாத்திட்டுத் திறந்துடுவேனே. நீங்கதான்க்கா என்கூடப் பேசறதை விட்டுட்டீங்க."

"நானா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கீழதான் இருக்கீங்கன்னு தெரியுது, பதிலே வரலை. எங்களால வெளிய அடுப்பு, ஷீட்டு, மெஷினுன்னு உங்களுக்கு எவ்வளவு கஷ்டம். அந்தக் கோபம்னு நினைச்சேன். நீங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நாங்களே போயிடலாம்னு..."

நான் நேரே போய் அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். கீழே ப்ளோயர் உறுமியது. "இப்பக் கூப்பிடு" என்றேன். பக்கத்தில் நின்றவள் காதைக் காட்டி, "என்ன?" என்று சைகையில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க இங்கயே இருக்கலாமாக்கா?"

பதிலுக்கு அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். இவளைத் தக்கவைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று இவளையே துரத்தப் பார்த்திருக்கிறேன். கீழே இறங்கி வந்து முதல் வேலையாக சுவிட்சை அணைத்தேன்.

இரவு வந்தவரிடம், இனி அந்த ப்ளோயர் ஓடாது என்று சொன்னேன். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"புகை மறுபடி மேல போகுமே" என்றார்.

"போகட்டும். கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்திட்டுத் திறந்துப்பாளாம். அவகிட்ட கேட்டாச்சு."