மூத்தவள் போட்ட கையெழுத்து

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவர் ஒரே அலுவலகத்திலும் வேலை பார்த்தால், மூத்தவள் நெஞ்சு என்ன பாடுபடும்!

பதினெட்டு வருடமாக அவள் அந்தத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த இளையவளோ, பொறியியல் பட்டத்தோடு நுழைந்து ஆறே மாதத்தில் ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துவிட்டாள்.

வீட்டில் மாமியார் வாய் சும்மா இருக்குமா? "சின்னவ கணக்குப் போடுறா, பெரியவ கோடு போடுறா. கொடுத்து வெச்சது அவ்வளவுதான்!" மூத்தவள் தட்டுக் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தாள்.

அன்று காலை இளையவள் ஒரு தாளை நீட்டினாள். "அக்கா, புது ஹீட் எக்ஸ்சேஞ்சர். சரிபாத்துக் கையெழுத்துப் போடுங்களேன். நாளைக்கே பட்டறைக்குப் போகணுமாம்."

பெரிய இரும்பு உருளை. அதற்குள் நூற்றுக்கணக்கில் மெல்லிய குழாய்கள். சூடான எண்ணெயை ஆற்று நீர் குளிர்விக்க வேண்டும். எது குழாய்க்குள் போவது, எது குழாய்களைச் சுற்றிப் போவது? இளையவள் எண்ணெயை உள்ளே விட்டிருந்தாள்; நீரை வெளியே.

மூத்தவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆற்று நீர் சேறும் சகதியுமாக வரும். குழாய்க்குள் போனால் மூடியைக் கழற்றி பிரஷ் விட்டுத் தேய்க்கலாம். வெளியே விட்டால் குழாய்களின் இடுக்கெல்லாம் சேறு அப்பிக்கொள்ளும். அங்கே பிரஷ் நுழையவே வழியில்லை. ஒரு மழைக்காலம் தாங்காது.

சொல்ல வாயெடுத்தாள். படித்தவளுக்குத் தெரியாததா, மாட்டட்டும் என்றது வயிற்றெரிச்சல். கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பி நீட்டினாள்.

மத்தியானம் இளையவள் உடையெல்லாம் சேறாக ஓடிவந்தாள்.

"நல்லவேளை அக்கா! பழைய எக்ஸ்சேஞ்சரைக் கழுவுறதைப் பாக்கப் போனேன். அப்பப்பா, வாளி வாளியா சேறு! 'வெளிப்பக்கம் விட்டீங்கன்னா நீங்களே வந்து நாக்கால வழிச்செடுங்க மேடம்'னு கழுவுற அண்ணன் சிரிக்கிறார். தண்ணிய உள்ள மாத்திட்டேன். பழைய தாளைக் கிழிச்சுட்டேன், அதுல உங்க கையெழுத்து இருந்துச்சுல்ல, உங்களுக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது. அவசரத்துல நீங்களும் கவனிக்கல போல."

வேலையில் முந்தியது போதாதென்று நல்ல மனதிலுமா முந்த வேண்டும்? மூத்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேசாமல் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"கவனிச்சேன்," என்றாள்.

"என்னக்கா?"

"காலையிலேயே கவனிச்சேன். வேணும்னுதான் சொல்லல."

இளையவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. புதுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"இதையாவது பாத்துப் போடுங்க."

அக்கா என்று சொல்லவில்லை.

மூத்தவள் ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. அதுவும் வலித்தது.