குதிகாலுக்குப் பதினாறு வரிசை

1. மூன்றாவது சாக்ஸ்

மூன்றாவது சாக்ஸைக் கழற்றிய அன்று என் வீட்டுக்காரரின் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. சாக்ஸின் உள்பக்கம் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, வலிக்கலையா?"

"எது?" என்றார்.

காலைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யார் காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "அட, இது எப்ப வந்துச்சு? சாக்ஸு நல்லாத்தானே இருந்துச்சு."

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. போன வருடம் இடது காலின் சுண்டுவிரலை எடுத்தாயிற்று. எடுத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இன்னொரு புண்ணு வந்துச்சுன்னா வெரலோட நிக்காதுங்க. பாதமே போயிரும். செருப்பு ஒரசாம, சாக்ஸு இறுக்காம பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்த இடது காலுக்கு நான் சாக்ஸ் பின்ன உட்கார்ந்தேன். காலைக் காப்பாற்றப் பின்னிய சாக்ஸே இப்போது காலைக் கடித்திருந்தது.

நான் தையல் டீச்சர். அரசுப் பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம். தையல் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான்கு ஊசியில் சாக்ஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தவள். எத்தனை சாக்ஸ் திருத்தினேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அப்படிப்பட்ட எனக்கு என் வீட்டுக் கால் ஒன்றுக்குச் சரியாகப் பின்ன வரவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

2. பத்து மணிக்குத் திறக்கும் விரல்கள்

கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினோம். ஒன்றில் எலாஸ்டிக் கணுக்காலைச் சுற்றி வடு போட்டது. இன்னொன்றில் விரல் நுனியில் தடித்த தையல். மூன்றாவது, கடையிலேயே பெரியது. பை மாதிரி தொங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்கு வீம்பும் இருந்தது. ஒரு தையல் டீச்சர் சாக்ஸை விலைக்கு வாங்குவதா?

வீம்பு இருந்த அளவுக்கு விரல் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டுகளில் உட்கார்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. காலையில் எழுந்தால் பத்து விரலும் மடங்கிய நிலையிலேயே நிற்கும். டம்ளரைப் பிடிக்கலாம், ஊசியைப் பிடிக்க முடியாது. வெந்நீரில் கையை வைத்து, மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, பத்து மணிக்குத்தான் ஒரு வழிக்கு வரும். பன்னிரண்டு மணிக்கு மறுபடி இறுகிவிடும். என் வேலை நேரம் அந்த இரண்டு மணி நேரம்.

பழைய பன்னிரண்டாம் நம்பர் ஊசி கையில் நிற்காமல் வழுக்கியது. அதைவிடத் தடித்த எட்டாம் நம்பர் வாங்கினேன். அதுவும் வழுக்கியபோது சைக்கிள் கடையில் வால்வு டியூப் கேட்டு வாங்கி ஊசியின் நடுவில் மாட்டினேன். ஊசியில் கோத்த நூல் வளையம், அதுதான் கண்ணி, நகரும்போது டியூபில் இடிக்கும், ஆனால் ஊசி நழுவாது. தர்மபுரியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பருத்தி நூல் வாங்கி இரண்டு இழையாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு காலத்தில் பேசிக்கொண்டே ஒரு சுற்றுப் பின்னுவேன். இப்போது ஒவ்வொரு கண்ணியையும் வாய்விட்டு எண்ண வேண்டியிருந்தது. நடுவில் குக்கர் விசில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

"அம்பத்தஞ்சு, அம்பத்தாறு..." என்று நான் எண்ணும்போது அவர் கட்டிலிலிருந்தே, "பாலக்கோடு பாலக்கோடு, எல்லாம் எறங்கு" என்பார். எனக்கு எண்ணிக்கை போய்விடும். திட்டுவேன். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

3. நல்லா இருக்குது

முதல் சாக்ஸ் முடிய மூன்று வாரம் ஆனது. மாட்டிவிட்டேன். "எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குது. பஞ்சு மாதிரி."

அதைப் போட்டுக்கொண்டு, சர்க்கரைக்காரர்களுக்கான வார்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வேலை விட்டும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. டீ குடித்தபடி ஓசூர் பஸ் எத்தனை நிமிடம் லேட் என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. நான்காம் நாள் குதிகாலின் அடியில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்திருந்தது.

என் விரல்தான் காரணம் என்று நினைத்தேன். விரல் இறுகினால் நூலும் இறுகும். இறுகிய பின்னல் காலைப் பிடிக்கும். சாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, சிவப்பு மறையும்வரை காத்திருந்து, இன்னும் தடித்த ஊசியில் இரண்டாவதைப் பின்னினேன். "நல்லா இருக்குது" என்றார். மறுபடி சிவந்தது.

இப்போது எனக்குக் குழப்பம் அதிகமாயிற்று. விரலா, கண்ணா, ஞாபக மறதியா? பின்னிய அளவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிய அளவு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியானால் கைதான். மூன்றாவதை இன்னும் தளர்வாக, அறுபதுக்குப் பதில் அறுபத்து நான்கு கண்ணி போட்டுப் பின்னினேன். கை வலி தாங்காமல் இரண்டு நாள் அழுதும் இருக்கிறேன், அதையும் மறைப்பானேன். "இதாண்டி பெஸ்ட்டு. போட்டிருக்கறதே தெரியல" என்றார்.

அந்த மூன்றாவதில்தான் கொப்புளம் உடைந்தது.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க வாங்குனீங்க இந்த சாக்ஸு?"

"நானே பின்னுனதுங்க."

அவர் மருந்துச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார். தினம் கட்டு மாற்ற வேண்டும், நடக்கக் கூடாது, புண் ஆழமாகப் போனால் பிறகு யோசிக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். அந்த 'யோசிக்கலாம்' பாதத்தை எடுப்பதைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. வரும் வழியில் ஆட்டோவில் அவர், "உன் சாக்ஸு மேல தப்பு இருக்காதுடி, செருப்பாத்தான் இருக்கும்" என்றார். ஆறுதல் சொல்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

4. என் காலில்

மறுநாள் பத்து மணிக்கு, வேறு வேலை ஓடாமல், துவைத்துக் காய்ந்த அந்த மூன்றாவது சாக்ஸை நான் எடுத்து என் காலில் மாட்டினேன். அவருக்கு ஏழாம் நம்பர் செருப்பு, எனக்கு ஆறு. மேலே ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனேன்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. சாக்ஸ் பின்னாலிருந்து இறங்கி, குதிகாலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு, கயிறு மாதிரி மடிந்தது. செருப்புக்குள் கல் கிடப்பதுபோல் இருந்தது. அவர் இதைத்தான் பஞ்சு மாதிரி என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத காலிடம்தான் நான் மூன்று தடவை, எப்படி இருக்குது என்று கேட்டிருக்கிறேன்.

இதில் இன்னொன்றும் உறைத்தது. என் வாழ்நாளில் நான் பின்னிய சாக்ஸ் ஒன்றை நான் போட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. பள்ளியில் நாங்கள் பின்னியதெல்லாம் உள்ளங்கை அளவு மாடல் சாக்ஸ். அதை அட்டையில் தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவோம். பரீட்சை அதிகாரி ஒட்டியதைத் தடவிப் பார்த்து மார்க் போடுவார். இந்த ஊர் வெயிலில் கம்பளிச் சாக்ஸை யார் போடப் போகிறார்கள்? ஒரு குழந்தைகூடப் போட்டதில்லை.

கொத்தமல்லி வாங்காமலே திரும்பி வந்து சாக்ஸை மடியில் வைத்து எண்ணினேன். கணுக்காலுக்குக் கீழே பின்பக்கம் ஒரு தனித் துண்டாகப் பின்னுவோம். குதிகாலை மூடுவது அதுதான். அதில் பதினாறு வரிசை. மூன்று சாக்ஸிலும் பதினாறு. நான் சொல்லிக்கொடுத்த அளவு அதுதான்: சுற்றுக்கு முப்பத்திரண்டு கண்ணி, குதிகாலுக்குப் பதினாறு கண்ணி, பதினாறு வரிசை. பெரிய காலுக்காக மற்ற எல்லாவற்றையும் கூட்டினேன். முதல் சாக்ஸிலேயே கண்ணி அறுபதானது, குதிகால் கண்ணி முப்பதானது, நீளம் கூடியது. பதினாறு வரிசையை மட்டும் தொடவே இல்லை. அது வாய்ப்பாடு மாதிரி கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் பாவம் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

5. மாதம்மாள் அவிழ்த்த சாக்ஸ்

பதினாறு என்று எண்ணி முடித்ததுமே மாதம்மாள் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடத்தில் என்னிடம் தையல் பரீட்சைக்குப் படித்த பெண். மற்றவர்கள் எல்லாரும் மாடல் அளவில் பின்ன, அவள் கொஞ்சம் பெரிதாகப் பின்னிக்கொண்டு வந்தாள். குதிகாலில் இருபது வரிசை இருந்தது.

"இது என்ன, பதினாறு தானே சொன்னேன்?"

"எந் தம்பி காலுக்குப் போட்டுப் பாத்தேங்க டீச்சர். பதினாறுக்கு கழண்டுக்குதுங்க. காலு பெருசானா குதிகாலும் பெருசாவும் இல்லீங்களா?"

நான் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "எக்ஸாமுக்கு வர்ற காலு இவ்வளவுதான் பாப்பா." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சாக்ஸை அங்கேயே அவிழ்க்கச் சொன்னேன். திரும்பப் பின்ன அவளுக்கு நாள் போதவில்லை. குதிகால் இல்லாத சாக்ஸை ஒட்டி, அந்தப் பேப்பரில் ஃபெயில் ஆனாள். அந்தக் கோடையிலேயே மாரண்டஹள்ளிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் சொன்ன பதிலை ஸ்டாஃப் ரூமில் பல வருடம் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

புண் மெல்ல ஆற ஆரம்பித்த ஒரு நாள், காலைக் கடித்த சாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மாரண்டஹள்ளி பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தது தெரியும். என்ன கேட்கப் போகிறேன், என்ன சொல்லப் போகிறேன் என்று போகும் வழி முழுக்கக் குழப்பம்.

"அய்யோ டீச்சர், வாங்க வாங்க" என்று மெஷினை விட்டு எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தலை நரைத்திருந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, நான் அவிழ்க்கச் சொன்னது தப்பு, என்னால் உன் பரீட்சை போயிற்று.

"அதெல்லாம் எப்பவோங்க டீச்சர். எனக்கு ஞாபகமே இல்லீங்க. நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க."

நல்லாத்தான். வீட்டில் ஒருவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல். மனதாரச் சொல்கிறாளா, வந்தவளிடம் மரியாதைக்குச் சொல்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

டீ வரச் சொல்லிவிட்டு என் பையிலிருந்த சாக்ஸை எடுத்தாள். உள்ளே கையை விட்டு, முஷ்டியைக் குதிகாலில் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். எண்ணவே இல்லை.

"பதினாறுங்களா, டீச்சர்?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்தாள். "சார் காலு என்ன அளவுங்க?"

"ஏழாம் நம்பர்."

"அது செருப்பு நம்பருங்க டீச்சர். காலை அளந்தீங்களா?"

நான் அளக்கவில்லை. டேப்பை என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

6. இப்போது

அவருடைய பாதத்தை அளந்து, குதிகாலுக்கு முப்பத்திரண்டு வரிசை வைத்து நான்காவதைப் பின்னினேன். ஐந்து வாரம் ஆனது. அதற்குள் புண் மூடிவிட்டது, பாதம் தப்பித்தது. முடித்ததும் அவரிடம் கொடுக்காமல் காலையிலிருந்து மதியம்வரை நான் போட்டுக்கொண்டு நடந்தேன். மடியவில்லை. பிறகுதான் அவருக்கு மாட்டினேன்.

"நல்லா இருக்குது" என்றார். சரி என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் குதிகாலைப் பார்த்தேன். இப்போதும் தினம் பார்க்கிறேன்.

தையல் வகுப்பு எடுக்கும் இளைய டீச்சர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த மாடலையும் நோட்டில் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு காலில் போட்டுப் பாருங்கள். அந்தக் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம்மாளின் டேப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன், அவள் முகத்தை மறுபடி பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.