கப்பலில் இருந்து ரிட்டயரானவன்

காலையில் மாமா வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மருமகனே, இன்னைக்கு மகாராஜபுரத்துல இருந்து பொண்ணோட அப்பா நாடகம் பாக்க வாராக. பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாகளாம்." சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

எங்களுடையது ராஜபாளையத்துக் குழு. பகலில் மில்லிலும் கடையிலும் வேலை, திருவிழாக் காலம் வந்தால் வேனில் ஏறி ஊர் ஊராகச் சிரிப்பு நாடகம். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அம்மன் கோயில் பொங்கல். மேடைக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து விட்டிருந்தார்கள். அதில் நான் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

விவகாரம் என் வேஷத்தில் இருந்தது. ரிட்டயரான மிலிட்டரிக்காரன். எல்லையில் ஒற்றை ஆளாக ஒரு படையையே விரட்டியதாகத் தெருவெல்லாம் அளப்பான். வாசலில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வான். பெண்டாட்டி கேன்டீன் ரம்மை ஒளித்துவைத்தால் தேம்பித் தேம்பி அழுவான். அந்த வேஷத்துக்காகத்தான் எங்களை ஊர்களில் கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பாவோ பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர்.

பெண் பார்க்கப் போனபோது அவர் வீட்டுச் சுவரில் யூனிபார்ம் போட்ட படத்தைப் பார்த்ததுமே, என் வேஷத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். "நாடகத்துல தம்பிக்கு என்ன வேசம்?" என்று கேட்டார். "குணச்சித்திரம் மாதிரி" என்று மென்று முழுங்கினேன். கதவோரம் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று விளங்கவில்லை. ஆனால் கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். சம்பந்தம் பேசி ஆள் அனுப்பியதே அவர்கள்தான் என்று மாமா சொல்லியிருந்தார். மாமா பெருமைக்கு எதையும் சொல்வார், நான் நம்பவில்லை.

"வேசத்த மாத்தணும்" என்றேன்.

நாடகம் எழுதி நடத்துகிற வாத்தியார் கையிலிருந்த பவுடர் டப்பாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, மேடை ஏறப்போற நேரத்துலயா?"

"போலீஸ்காரன்னு வச்சிக்கிடுவோம்."

"மொத வரிசையில இன்ஸ்பெக்டர் உக்காந்திருப்பாரு. பர்மிசன் குடுத்ததே அவருதான்."

"பள்ளிக்கூட வாத்தியாருன்னு?"

"இந்த ரூமத் தொறந்துவிட்டது யாரு, எட்மாஸ்டரு."

"மில் மேனேஜரு?"

"என் சோத்துல மண்ணப் போடுதியா?"

எனக்குப் பெண்டாட்டியாக நடிக்கும் மதுரை அக்கா சடையைப் பின்னிக்கொண்டே சொன்னார். "கப்பல்ல இருந்து ரிட்டயரானவன்னு வையிங்க. இந்தப் பக்கம் எவன் கப்பலக் கண்டான்? ஒருத்தரும் கோவிச்சிக்கிட மாட்டாக."

அப்படியே ஆயிற்று. திரை விலகியதும் நான் முதலில் தேடியது பெண்ணின் அப்பாவைத்தான். மூன்றாவது வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் அதே மீசையோடு இரண்டு பேர். எல்லை என்ற இடத்தில் கடல் என்றேன். துப்பாக்கி என்ற இடத்தில் நங்கூரம் என்றேன். ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டபோது, கப்பல்காரன் ஏன் கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டும் என்று எனக்கே தெரியாமல் நடுமேடையில் நின்றேன். "மிலிட்டரி எங்கலே?" என்று கூட்டத்தில் ஒருவன் சத்தம் போட்டான். அக்கா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "தம்பி, பழசுக்கே போயிரு" என்று கிசுகிசுத்தார். நான் போகவில்லை. கடைசிவரை தண்ணீரிலேயே கிடந்தேன்.

நாடகம் முடிந்து பாதி மீசையைப் பிய்த்திருந்தபோது அவர் வகுப்பறைக்குள் வந்தார். கூட வந்த இருவரும் பின்னால் நின்றார்கள்.

"போன வருசம் மம்சாபுரத்துல உங்க மிலிட்டரி வேசத்தப் பாத்தேன் தம்பி. எம்மகளும் கூட இருந்தா. வீட்டுக்கு வந்தும் ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே கெடந்தோம். பொறவுதான் உங்க மாமாட்ட ஆள் விட்டேன்."

பின்னால் நின்ற இருவரையும் கை காட்டினார்.

"இவுக ரெண்டு பேரும் என்கூட சர்வீஸ்ல இருந்தவுக. காட்டலாம்னு கூட்டியாந்தேன். அன்னைக்கு வீட்டுல குணச்சித்திரம்னீக. கூச்சமாக்கும்னு நெனச்சேன். இன்னைக்கும் எனக்குப் பயந்து மாத்திட்டீக. நாளைக்கு எம்மகளக் கட்டிட்டு யார் யாருக்கெல்லாம் பயப்படுவீக?"

கேட்டுவிட்டு அவர் வாசலுக்குத் திரும்பினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன, கோபம் முழுக்க என்மேல்தான்.

"செத்த நேரம் உக்காருங்க" என்றேன். கேட்டதுபோல இல்லை, அதட்டியதுபோல வந்துவிட்டது.

அவரை நடுவில் வைத்து மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிய்த்த பாதி மீசையை எடுத்து ஒட்டினேன். ஒட்டவில்லை, கையால் பிடித்துக்கொண்டேன். எல்லையில் நின்றேன், படையை விரட்டினேன். அக்கா நான் கேட்காமலே சாக்பீஸ் டப்பாவை ரம் பாட்டிலாக்கி முந்தானைக்குள் ஒளித்துவைத்தார், நான் அழுதேன். வாத்தியார் பிரம்பால் கரும்பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வேட்டுச் சத்தம். நான் எதிர்ப் பெஞ்சுக்கடியில் பாய்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் அவர்களுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஓரத்தில் இருந்தவர் முதலில் சிரித்தார். அடுத்து மற்றவர். நடுவில் இருந்த கால்கள் அசையவில்லை. ஒட்டவைத்ததுபோலத் தரையில் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு, "ஏட்டி, எதிரி போயிட்டானா?" என்று என் கடைசி வசனத்தைச் சொன்னேன்.

அந்தக் கால்கள் மெல்ல ஆட ஆரம்பித்தன. பிறகு குதிகால் தரையை உதைத்தது. மேலே மூச்சு வாங்கிக்கொண்டு, இருமலும் சிரிப்புமாக அவர் குரல் கேட்டது.

"போயிட்டான். எந்திரிங்க மாப்ள."

நான் உடனே எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து நிலைகொள்ளாமல் அலைந்தவன் அந்தப் பெஞ்சுக்கடியிலேயே, மீசையைக் கையில் பிடித்தபடி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தேன்.